ஸ்பேஸ் பாரின் இடது பக்கம்

பிப்ரவரி 3, திங்கள்

நூல் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. முதல் பக்கங்களில் என் வீட்டுக்காரர் பாவு, ஊடை என்று ஏதோ தறிக் கணக்கு கிறுக்கி வைத்திருக்கிறார். மிச்சத்தை நான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு நடந்ததை யாரிடமாவது கொட்டாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். கொட்டலாம் என்றால் வீட்டில் காது கொடுக்க ஆள் இல்லை. பின்னால் கொட்டகையில் எட்டு விசைத்தறி ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் சட்டக் கல்லூரியில் டைப் அடிக்கிறேன். ஆபீசில் இல்லை, வகுப்பில். வர்தினி என்று மூன்றாம் வருஷத்துப் பெண். முழுப் பெயர் ஹர்ஷவர்தினி, அதை அடிப்பதற்குள் பாடம் முடிந்துவிடும். ஆறு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் போய்விட்டது. வாத்தியார் பேசப் பேச நான் அடிக்க வேண்டும், அவள் முன்னால் இருக்கும் திரையில் அது ஓடும், அவள் படித்துக்கொள்வாள். ஒரு அறக்கட்டளை மூன்று மாதமாக என்னை இதற்கு வைத்திருக்கிறது. தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் ஹையர் பாஸ் செய்தவள் நான். ஈரோட்டில் என் வேகத்துக்கு அடிக்க ஆள் காட்டுங்கள் பார்க்கலாம்.

சாட்சியச் சட்டம் நடத்துகிற தெய்வசிகாமணி சார் இன்று பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னங்கம்மா, கிளாஸ்ல தறி ஓட்டறீங்களா? அந்த ஸ்பேஸ் பார் கடகடன்னு என் மண்டைக்குள்ள ஓடுது."

அறுபது பிள்ளைகளும் பல்லைக் காட்டின.

"இருபதாம் தேதி வரைக்கும் டைம் தர்றேன். அதுக்குள்ள சத்தம் நிக்கோணும். இல்லாட்டி உங்களை என் கிளாசுக்குள்ள விட முடியாது."

பெரிய ஐகோர்ட் ஜட்ஜ், வாய்தா கொடுக்கிறார். என்னை வெளியே அனுப்பினால் வர்தினி வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். போன வருஷம் இந்த ஒரு பேப்பரில்தான் அவளுக்கு அரியர் விழுந்தது. இந்தத் தடவையும் போனால் அவளுக்கு ஒரு வருஷம் போச்சு.

சத்தமாம் சத்தம். எனக்கு ஒரு சத்தமும் தெரியவில்லை. தறிக்கு நடுவில் இருபத்து மூன்று வருஷம் குடித்தனம் நடத்துகிறவளிடம் வந்து ஸ்பேஸ் பார் சத்தம் என்கிறார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

மேட்டூர் ரோட்டில் இத்ரீஸ் கடைக்குப் போனேன். ஐந்து வருஷத்துக்கு முன் இந்த மெக்கானிக்கல் கீபோர்டை என் தலையில் கட்டியவர் அவர்தான். சும்மா சொல்லக் கூடாது, சாதாரண ரப்பர் கீபோர்டெல்லாம் என் கையில் மூன்று மாதம் தாங்கியதில்லை.

அவர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்டெபிலைசருங்க்கா" என்றார்.

"நான் கீபோர்டைக் கொண்டாந்திருக்கேன். ஃபிரிட்ஜைக் கொண்டாரல" என்றேன்.

சிரிக்கவில்லை மனிதர். கோயிலில் அர்ச்சகர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு விளக்கினார். ஸ்பேஸ் பார், என்டர் மாதிரி நீளமான கீக்கு நடுவில் ஒரு சுவிட்ச்தான் இருக்குமாம். ஓரத்தில் அமுக்கினால் ஒரு பக்கம் சாயும். சாயாமல் இருக்க இரண்டு ஓரத்திலும் ஒரு சின்னத் தண்டு, இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு கம்பி. கட்டிலை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்குவது போல. அதுதான் ஸ்டெபிலைசர். கம்பி அதன் கூட்டுக்குள் லொடலொடத்தால் கடகடவென்று கேட்கும். இதைச் சொல்ல அவருக்கு இருபது நிமிஷம் ஆனது.

அப்புறம் மூன்று ரகத்தை எடுத்து வைத்தார். தகட்டில் மாட்டுவது ஒன்று, போர்டில் குத்துவது ஒன்று, போர்டில் ஸ்க்ரூ போட்டு முறுக்குவது ஒன்று. ஒவ்வொன்றையும் என் காதுக்குப் பக்கத்தில் வைத்து அமுக்கினார்.

"இது கடகடங்குது. இது டக்குங்குது. இது பாருங்க, தப்புன்னு அமுந்து வருது. கேக்குதுங்களா?"

எனக்கு மூன்றும் ஒன்றுதான். இல்லாத வித்தியாசத்தை இருக்கிறது என்று சொல்லி விற்பதற்குப் பெயர்தான் வியாபாரம். கேக்குது கேக்குது என்று தலையை ஆட்டிவிட்டு ஸ்க்ரூ போடுவதை எடுத்துக்கொண்டேன். ஸ்க்ரூ முறுக்கினது ஆடாது. தறி வீட்டுக்காரிக்கு இதை எவனும் சொல்லித் தர வேண்டாம்.

"கம்பிக்குப் போட இந்த கிரீஸ் வாங்கிக்கங்க்கா" என்று நெயில் பாலிஷ் பாட்டில் அளவுக்கு ஒன்றை நீட்டினார். எங்கள் வீட்டில் தறிக்குப் போடுகிற கிரீஸ் டின் கணக்கில் கிடக்கிறது. வேண்டாம் என்றேன்.

"எதை மாத்துனாலும் தேதி போட்டு எழுதி வெச்சுக்கங்க. பின்னால எது தப்பாச்சுன்னு தெரியோணுமில்ல" என்றார். ஆமாம், சந்திரனுக்கு ராக்கெட் விடுகிறோம். சரி, எழுதித் தொலைக்கிறேன்.

பிப்ரவரி 6, வியாழன்

வகுப்பு. பழைய ஸ்டெபிலைசரோடுதான் போனேன். சார் என் பக்கம் திரும்பும்போதெல்லாம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நல்ல நடிகர்.

இந்த ஆளிடம் இன்னொரு கெட்ட பழக்கம், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவது. எதிரில் அறுபது பேர் உட்கார்ந்திருக்க, சுவருக்குப் பாடம் எடுக்கிறார். திரும்பிவிட்டால் வாய்க்குள்ளேயே முனகல். நான் முதல் பெஞ்சுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கி உட்கார்ந்திருக்கிறேன், முகம் தெரிந்தால்தான் எனக்கு அடிக்க வரும். முதல் பெஞ்சுக்கே கேட்காத பேச்சு கடைசி பெஞ்சுக்கு எங்கே கேட்கும்? ஆனாலும் அதுகள் குனிந்து எழுதிக்கொண்டேதான் இருந்தன. எழுதுகிற மாதிரி பாவலா.

வர்தினி என் கையைத் தட்டி, திரை ஏன் நின்றுவிட்டது என்று கண்ணால் கேட்டாள்.

"சார் முனகுகிறார்" என்று அடித்தேன்.

அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தன் நோட்டில் என்னவோ குறித்துக்கொண்டாள். இந்தப் பெண்ணுக்கு எதையும் வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் கிடையாது.

பிப்ரவரி 8, சனி

மாற்றம் ஒன்று: புது ஸ்டெபிலைசர் மாட்டியாயிற்று. ஸ்க்ரூ நாலு. ஸ்பேஸ் பார் கம்பியின் இரண்டு முனையிலும் தறி கிரீஸ். தாராளமாகவே வைத்தேன், கஞ்சத்தனம் எதற்கு.

கொட்டகை வாசலில் நின்று என் வீட்டுக்காரருக்குக் காட்டினேன். சென்னியப்பன் மூன்றாவது தறிக்கு அந்தப் பக்கம் நின்று நூல் அறுந்ததை முடிந்துகொண்டிருந்தார்.

"சத்தம் நின்னு போச்சா?" என்றார்.

"சுத்தமா நின்னு போச்சு" என்றேன்.

எட்டுத் தறி ஓடும்போது பதினைந்தடி தூரத்தில் நின்று இப்படிப் பேசிக்கொள்ள எங்களைப் போன்றவர்களால்தான் முடியும். இந்தக் காதை வைத்துக்கொண்டிருக்கிறவளுக்குத்தான் அந்த வாத்தியார் சத்தத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

பிப்ரவரி 10, திங்கள்

மானம் போயிற்று.

வகுப்பு ஆரம்பித்துப் பத்து நிமிஷம் எல்லாம் நன்றாகத்தான் போனது. சார் நெற்றியைத் தேய்க்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். அதற்கப்புறம் ஸ்பேஸ் பார் கீழே போனால் மேலே வருவதற்கு யோசிக்க ஆரம்பித்தது. சேற்றில் கால் வைத்த மாதிரி. நான் அடுத்த வார்த்தைக்குப் போய்விடுகிறேன், அது இன்னும் கீழேயே கிடக்கிறது. ஓடுகிற வேகத்தில் நான் திரையைப் பார்க்கவில்லை. வர்தினி என் தோளைப் பிடித்து உலுக்கின பிறகுதான் பார்த்தேன்.

"குற்றம்சாட்டப்பட்டவர்காவலில்இருக்கும்போதுகொடுக்கும்வாக்குமூலம்எப்போதெல்லாம்"

திரை முழுக்க இப்படியே. வார்த்தைக்கும் வார்த்தைக்கும் ஒரு ஊசி நுழைய இடமில்லை.

"எனக்குப் படிக்க முடியலக்கா" என்றாள் வர்தினி. அவள் குரல் ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில் வரும், எவ்வளவு சத்தமாகப் பேசுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது. வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சத்தத்தை நிறுத்தச் சொன்னேன். எழுத்தை நிறுத்தச் சொல்லலீங்கம்மா" என்றார் சார்.

மறுபடியும் அறுபது வாயிலும் பல்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பெட்ரோலில் பஞ்சை நனைத்துக் கிரீசைத் துடைத்தேன். வீடு பூராவும் நாற்றம். மாற்றம் இரண்டு என்று எழுதிக்கொள்ளட்டும் இத்ரீஸ்.

பிப்ரவரி 12, புதன்

இன்றைக்குப் பராமரிப்பு வேலை என்று காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. ஊரே செத்த மாதிரி கிடந்தது. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று கீபோர்டை மேசையில் வைத்து, கொஞ்சமாகக் கிரீஸ் தொட்டு மாட்டி, அரை மணி நேரம் ஸ்பேஸ் பாரை அடித்தேன். காதைப் பக்கத்தில் வைத்து அடித்தேன். கம்மென்று இருக்கிறது. தும்பைப் பூ விழுந்தால்கூட இதைவிடச் சத்தம் வரும்.

சென்னியப்பன் சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தார். "ஏம்புள்ள, பருப்புத் தீஞ்சு நாறுதே. குக்கர் விசில் வந்துதா வரலையா?"

"வரல. வந்தா நான் எந்திரிச்சிருக்க மாட்டனா?"

இந்தக் குக்கரையும் மாற்ற வேண்டும். பேர் பெற்ற கம்பெனி என்று வாங்கியது, விசில் அடிப்பதே இல்லை.

பிப்ரவரி 13, வியாழன்

"கடகட போயிருச்சுங்கம்மா. இப்ப டிக்கு டிக்குங்குது" என்றார் தெய்வசிகாமணி சார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கீபோர்டைத் தூக்கி அவர் மேசையில் போட்டுவிட்டுப் போயிருப்பேன். நேற்றுத்தான் பொட்டுச் சத்தம் இல்லாத வீட்டில் காதை ஒட்டி வைத்துப் பார்த்திருக்கிறேன். எதுவும் இல்லை. இந்த ஆளுக்கு என்னைப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்துப் பெஞ்சுப் பெண்ணிடம் கேட்டேன். "ஆமாங்க்கா, லேசா டிக்குன்னு வருது" என்கிறது அதுவும். வாத்தியாருக்குப் பயந்து சொல்கிறது.

வகுப்பு முடிந்ததும் வர்தினி கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஸ்பேஸ் பாரின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு விரலை லேசாக வைத்துக்கொண்டு, "நடுவுல அடிங்க்கா" என்றாள். அடித்தேன். கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு தடவை என்று தலையசைத்தாள்.

"இடது பக்கம் நடுங்குது. வலது பக்கம் நடுங்கல."

காது கேட்காத பெண் எனக்குச் சத்தம் பிடித்துக் கொடுக்கிறாள். நல்ல கூத்து. ஆனால் என் விரலை வைத்துப் பார்த்தால் நடுங்கத்தான் செய்கிறது.

"உனக்குச் சத்தமே கேக்காது. உனக்கு எதுக்கு இந்தப் பாடு?" என்றேன்.

"எனக்கு நீங்க கிளாஸ்ல இருக்கோணும்க்கா" என்றாள். அதோடு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பிப்ரவரி 15, சனி

இத்ரீஸ் கீபோர்டைத் திறந்ததும் மோந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் என்னவோ பச்சைக் குழந்தைக்கு மிளகாய்ப் பொடி ஊட்டிவிட்ட மாதிரி.

"தறி கிரீஸுங்களா?"

"கிரீஸ் கிரீஸ்தான்."

மனிதர் பெருமூச்சு விட்டுவிட்டு எல்லாவற்றையும் கழற்றிக் கழுவினார். ஸ்பேஸ் பார் கம்பியை ஒரு முகம் பார்க்கும் கண்ணாடிமேல் படுக்க வைத்தார். வலது முனை கண்ணாடியோடு படிந்து கிடந்தது. இடது முனையைத் தொட்டால் எழும்பி எழும்பி விழுந்தது. ஒரு நூல் கனம்தான் வளைவு. வர்தினி விரல் சொன்ன அதே பக்கம். குறட்டால் பிடித்து, கண்ணாடியில் வைத்து, மறுபடி பிடித்து, முக்கால் மணி நேரம் நிமிர்த்தினார். தண்டு வந்து மோதுகிற இடத்தில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியைப் பொடியாக வெட்டி ஒட்டினார். அவருடைய அந்தக் குட்டிப் பாட்டில் கிரீசை ஊசி முனையில் தொட்டு, கம்பி முனைக்கு மட்டும் வைத்தார்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு அடித்துக் கேட்டார்.

"இன்னும் ஒரே ஒரு டிக் இருக்குதுங்க்கா. ரொம்ப லேசு. எடுத்தரட்டுங்களா? இன்னொரு அரை மணி நேரம் ஆகும்."

"போதும் சாமி, குடுங்க" என்று பிடுங்கிக்கொண்டு வந்தேன். கடையில் இருக்கிற பித்தெல்லாம் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் போலிருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

சார் இன்றைக்கு ஒரு தடவைகூட நெற்றியைத் தேய்க்கவில்லை. ஜெயித்துவிட்டேன். கெடுவுக்கு மூன்று நாள் மிச்சம்.

இதோடு நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

வகுப்பு முடிந்து வண்டி நிறுத்துமிடத்தில் வர்தினி என்னை நிறுத்தினாள். கையில் கட்டுக் காகிதம். மூன்று மாதமாக நான் அடித்ததையெல்லாம் அச்செடுத்து வைத்திருக்கிறாள். நடுநடுவே சிவப்புப் பேனாவில் கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும், நான் விட்டதைத் தோழிகளின் நோட்டைப் பார்த்து எழுதியிருக்கிறாள். கூடவே போன வாரப் பரீட்சைத் தாள். இரண்டு பெரிய கேள்வி போய்விட்டது. இரண்டுக்கும் பதில் அந்தச் சிவப்புக் கட்டத்துக்குள் இருக்கிறது.

"இருபத்தாறு எடம்க்கா" என்றாள். "அதுல இருபத்திநாலு எடத்துல சார் போர்டுப் பக்கம் திரும்பியிருந்தாரு. அவரு திரும்புனா எனக்கும் போச்சு, உங்களுக்கும் போச்சு."

"அவரு முனகுனா நான் என்ன பண்றது?"

"மத்தவங்க எழுதியிருக்காங்களே. கடைசி பெஞ்சுலகூட எழுதியிருக்காங்க." என்றாள். "நீங்க காதுல கேட்டு அடிக்கலக்கா. என்னை மாதிரி வாயைப் பாத்து அடிக்கறீங்க. எனக்கு மொத மாசமே தெரியும். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"காது செத்தவ நீ. நீ என் காதைப் பத்திப் பேச வந்துட்டியா?"

முகத்தைத் திருப்பிக்கொண்டு சொல்லியிருந்தால் அவளுக்குத் தெரியாமலே போயிருக்கும். நேராக அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவள் காகிதங்களை அடுக்கி, ஓரம் தட்டி, பைக்குள் வைத்துக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

தறி ஓடியது. துணி மடித்தேன்.

பிப்ரவரி 19, புதன்

மத்தியானம் சோற்றுக்குத் தறியை நிறுத்தின நேரத்தில் சென்னியப்பனை உள்ளே கூப்பிட்டேன். ஒருவருக்கொருவர் முதுகு காட்டி நிற்போம், நீங்கள் எதையாவது சொல்லுங்கள், நான் திருப்பிச் சொல்கிறேன் என்றேன். உனக்கென்ன கிறுக்கா என்றார். நில்லுங்கள் என்றேன்.

நின்றோம். நான் காத்துக்கொண்டே இருந்தேன். இந்த ஆள் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால்தானே என்று திரும்பினேன். அவரும் அதே நேரம் திரும்பினார்.

"சொல்லித் தொலைங்க" என்றேன்.

"நாலு தடவ சொன்னனே. நீ ஏன் திருப்பிச் சொல்லல?"

"நான் ரெண்டு தடவ 'ம், சொல்லுங்க'ன்னனே. அது கேக்கலையா?"

அவர் என் வாயையே பார்த்தார். நான் அவர் வாயைப் பார்த்தேன்.

"என்ன சொன்னீங்க?" என்றேன்.

"பசிக்குதுன்னேன்."

இருபத்து மூன்று வருஷமாக முகத்துக்கு முகம் பார்த்துத்தான் பேசியிருக்கிறோம். வேறு வழியே எங்களுக்கு இருந்ததில்லை. இதைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரர்கள், கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் என்ன ஒரு அன்னியோன்னியம் என்று பேசிக்கொள்கிறார்கள்.

சோறு போட்டேன். அவர் கையைக் கழுவிவிட்டுக் கொஞ்ச நேரம் தட்டைத் தொடாமல் இருந்தார். எனக்குப் பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன், போதும்.

பிப்ரவரி 20, வியாழன்

கெடு நாள். சார் என் மேசைக்கே வந்து குனிந்து, நான் அடிப்பதைக் கேட்டுவிட்டு, "இதை மொதல்லயே பண்ணியிருக்கலாமில்ல?" என்றார். பட்டம் கொடுத்துவிட்டார். வாங்கி வைத்துக்கொண்டேன்.

வர்தினி என்னைப் பார்க்கவே இல்லை. அவள் பார்க்காவிட்டால் அவளோடு பேச ஒரு வழியும் கிடையாது. மற்றவர்களிடம் என்றால் காதில் விழும்படி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகலாம். இவளிடம் அதுவும் நடக்காது. அவள் நோட்டைப் பார்க்கிறாள், ஜன்னலைப் பார்க்கிறாள். ஒன்றே ஒன்றை மட்டும் அவள் பார்த்தாக வேண்டும்.

சார் வருகைப் பதிவு எடுக்கும்போது திரையில் அடித்தேன்.

"நான் சொன்னது தப்பு. நீ சொன்னது சரி. எனக்குக் கேட்கவில்லை. உன் பாடம் என்னால் போயிற்று."

ரொம்ப நேரம் படித்தாள். நாலு வரிக்கு அவ்வளவு நேரம் ஆகாது.

"அதை அழிச்சிருங்க்கா" என்றாள். "பாடத்தோட சேந்து சேவ் ஆயிரும்."

பிறகு நோட்டின் ஓரத்தைக் கிழித்து ஒரு டாக்டர் பெயர் எழுதிக் கொடுத்தாள். ஆறு வயதிலிருந்து அவள் போகிற இடமாம்.

சார் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். இந்தத் தடவை முனகுகிறார் என்று அடிக்கவில்லை. "சார் திரும்பிவிட்டார். எனக்குக் கேட்கவில்லை" என்று அடித்தேன். வர்தினி பக்கத்துப் பெண்ணின் நோட்டைச் சட்டென்று இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

பிப்ரவரி 22, சனி

வர்தினி எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போனேன். மெத்தை ஒட்டின சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போது அமுக்க வேண்டுமாம். முதலில் நாலைந்து தடவை அமுக்கினேன். அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. மிஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள் என்று நினைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மிஷின் முன்னால் இருந்த பெண் மும்முரமாகக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் ஒரு படம் போட்டுக் காட்டினாள். கோடு கொஞ்ச தூரம் நேராகப் போய் மடாரென்று கீழே விழுந்தது. தடித்த சத்தமெல்லாம் எனக்கு ஓரளவு கேட்கிறதாம். மெல்லிசான சத்தங்கள்தான் போய்விட்டன. டிக், விசில், ச, த.

"தறி வேலைங்களா?" என்றாள் படத்தைப் பார்த்துக்கொண்டே. நான் அதுவரை அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

போனது திரும்பி வராதாம். இரண்டு காதுக்கும் கருவி கொடுத்திருக்கிறார்கள், பத்து நாள் போட்டுப் பார்க்கச் சொல்லி.

பிப்ரவரி 23, ஞாயிறு

இந்த உலகத்தில் இத்தனை சத்தம் எதற்கு? குழாய் சொட்டுகிறது. செருப்பு கிறீச்சிடுகிறது. என் வளையல் நாள் முழுக்க வாயை மூடவில்லை. சென்னியப்பன் மூக்கு மூச்சு விடும்போது விசில் அடிக்கிறது. குக்கரும் அடிக்கிறது. பாவம், மாற்றப் பார்த்தேனே.

தறி லீவு. கீபோர்டை எடுத்து வைத்து ஸ்பேஸ் பாரை அடித்தேன்.

டிக்.

இடது பக்கம். ஒரே ஒரு டிக்.

இத்ரீசுக்குப் போன் போட்டேன். "சத்தம் இருக்குதுன்னு தெரிஞ்சும் எதுக்குங்க குடுத்து விட்டீங்க?"

"நீங்கதானுங்க்கா போதும் சாமின்னு புடுங்கிட்டுப் போனீங்க."

போனை வைத்துவிட்டு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றினேன். கம்பியைப் படுக்க வைத்தேன். நிமிர்த்தினேன், மாட்டினேன், அடித்தேன், டிக். கழற்றினேன். மத்தியானம் வரை இதே வேலை. பிளாஸ்திரியை இன்னும் ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ தப்பென்று அமுந்து வந்தது. இத்ரீஸ் சொன்ன அதே தப். அன்றைக்குக் கடையில் கேக்குது கேக்குது என்று தலையாட்டினேனே, அது இதுதானா?

கடைசி மாற்றம். இனி மாற்ற ஒன்றும் இல்லை, கீபோர்டில்.

பிப்ரவரி 24, திங்கள்

கருவியோடு வகுப்புக்குப் போனேன். தலைமுடியை இழுத்து மறைத்துக்கொண்டுதான் போனேன். வர்தினி உட்கார்ந்த அடுத்த நிமிஷம் கண்டுபிடித்துவிட்டாள். தன் முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நானும் தள்ளிவிட்டுக்கொண்டேன்.

சார் பாடத்தை ஆரம்பித்தார். கால் மணி நேரத்தில் வழக்கம் போலக் கரும்பலகைப் பக்கம் திரும்பினார். என் கை தானாக நின்றது. அப்புறம் கேட்டது. முழுசாக இல்லை, பாதிக்கு மேல். நான் அடித்தேன்.

"பரீட்சையில் இது கட்டாயம் வரும். வாக்குமூலத்தை யாரிடம் கொடுத்தார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்."

வர்தினி நிமிர்ந்து சாரின் முதுகைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். பேனாவை எடுத்து வேகமாக எழுதினாள்.

சார் திரும்பவில்லை. சாக்பீசோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார். என் வேலை அவர் வாயில் வருவதை எல்லாம் அடிப்பது. அடித்தேன்.

"எழவெடுத்த சாக்பீஸ். எழுதறதுக்கு முன்னாடி ஒடையுது. எங்க விட்டேன்? அடுத்து என்னமோ சொல்லோணுமே. அடக் கருமமே, மறந்து போச்சே."

ஆக, மகா பேராசிரியர் சுவரைப் பார்த்துத் திரும்புவது இதற்கும்தான்.

வர்தினி சிரித்தாள். வாயைப் பொத்துவதற்குள் வெளியே வந்துவிட்டது. மூன்று மாதமாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், எத்தனையோ தடவை அவள் சிரித்துப் பார்த்திருக்கிறேன். அது இவ்வளவு கீச்சென்று இருக்கும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

சார் பழைய ஞாபகத்தில் முதலில் என் கீபோர்டைத்தான் முறைத்தார். அதில் சத்தம் இல்லை.

"யாரது சிரிச்சது?" என்றார்.

அதையும் அடித்தேன்.